இரண்டே பேர் இருந்த கம்பெனி

நைனா, புதன்கிழமை நீயும் கார்த்தியும் கூட்டுத்தொழில் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகிறீர்கள் என்று நேற்று போனில் சொன்னாய். கும்மிடிப்பூண்டியில் ஷெட் பார்த்தாயிற்று, அட்டைப்பெட்டி செய்கிற மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, "நீதாம்மா வந்து மொதல்ல வெளக்கு ஏத்தணும்" என்றாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "ஒண்ணு சொல்லணும்டா" என்று ஆரம்பித்தேன். "எல்லாம் ஆடிட்டர் பாத்துக்குவாரு, நீ பேஜாராவாத" என்று வைத்துவிட்டாய். உன்மேல் தப்பில்லை. அந்தப் பழைய கம்பெனிப் பேச்சை எடுத்தாலே என் குரல் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. அது உனக்குப் பிடிக்காது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். நீ படித்துவிட்டுக் கார்த்திக்குக் காட்டு. பக்கத்து ஷெட்டில் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் காட்டு. இதில் மறைக்க எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்தால் உன் தொழில் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் நான் எழுதவில்லை. கொரோனா சமயத்தில் எங்களுக்கு யோசனை சொன்னவர்கள் நிறையப் பேர். பேங்க்காரர்கள், ஆடிட்டர், வக்கீல், ஆன்லைனில் கூட்டம் போட்ட அதிகாரிகள். வாட்ஸ்அப்பில் வந்ததை விட்டுவிடு. மற்றவர்கள் யாரும் எங்களுக்குப் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொன்னதெல்லாம் அநேகமாகச் சரிதான். அவ்வளவும் கேட்டு நடந்துதான் நாம் திருப்பாச்சூர் வீட்டைக் காலி செய்தோம். அது எப்படி நடந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதி எனக்கே இரண்டு மாதத்துக்கு முன்புதான் தெரிந்தது.

ஸ்டெல்லாவை நீ ஆன்ட்டி என்று கூப்பிடுகிற வயதிலிருந்துதான் உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் அவளும் நானும் காக்களூரில் ஒரு கம்பெனியில் செக்கிங் பகுதியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தோம். உன் அப்பா தவறிப்போன வருஷம் என்னை வேலைக்குத் திரும்ப இழுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். காலையில் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். "பொடவ மாத்து, பஸ்ஸு போயிடும்" என்பாள், அவ்வளவுதான், ஆறுதல் எல்லாம் சொல்லத் தெரியாது. அந்தக் கம்பெனியில் தொழிலாளிகளுக்குக் கொடுக்கிற கைஉறை ஒரு வாரத்தில் கட்டைவிரல் பக்கம் கிழிந்துவிடும். ஒருநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஒரு கைஉறையைத் தையல் பிரித்து மடியில் பரப்பி வைத்துக்கொண்டு, "இத நாமளே தெச்சா இன்னா?" என்று கேட்டாள். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற ஆலைகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் எத்தனை கை. அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் நம் வீட்டு முன்னறையில் இரண்டு மிஷின். பிறகு காக்களூரில் வாடகைக்கு ஒரு ஷெட். தைக்கப் பத்துப் பெண்கள் வந்தார்கள், பாதிப் பேர் அவர்கள் அம்மா காலத்தில் நாற்று நட்ட குடும்பத்தவர்கள். அந்த ஷெட்டில் ஓரத்தில் துணி மூட்டையின் மேல் படுத்து நீ பரீட்சைக்குப் படித்திருக்கிறாய்.

பத்திரம் எழுதிய நாளை உனக்குச் சொல்ல வேண்டும். ஆடிட்டர் நல்ல மனிதர். "மூணாவதா ஒருத்தரச் சேத்துக்குங்கம்மா, நூத்துல ஒரு பங்கு ரெண்டு பங்கு குடுத்தாப் போதும்" என்றார். ஏன் என்று கேட்டேன். "ரெண்டு பேர் மட்டும் இருந்து, ஒருத்தர் தவறிட்டா கம்பெனி சட்டப்படி அன்னிக்கே முடிஞ்சிடும்" என்றார். ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். "நல்ல காரியம் பண்ண வந்துகீறோம், சாவப் பத்தி இன்னாத்துக்கு சார் பேசறீங்கோ?" என்றாள். நானும் சிரித்தேன். மூன்றாவதாக ஒரு ஆளை உள்ளே விட எங்கள் இருவருக்கும் மனசில்லை என்பதும் உண்மை. அவர் மறுபடி வற்புறுத்தவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட்டு வெளியே வந்து கரும்பு ஜூஸ் குடித்தோம். நீயும் கார்த்தியும் இரண்டே பேர்தானே, மூன்றாவதாக ஒருவரைச் சேருங்கள். உன் ஆடிட்டரும் இதைச் சொல்லியிருப்பார். நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

ஊரடங்கு போட்டபோது ஷெட்டில் வெட்டிய துணியும் தோலும் அப்படியே கிடந்தன. நீ சென்னையில் காலேஜ் ஹாஸ்டலிலிருந்து ஒரு பையோடு வந்து சேர்ந்தாய். அந்த வாரங்களில் நம் வீட்டில் போன்தான் ஆபீஸ். பேங்க்கிலிருந்து செய்தி வந்தது, சில மாதம் தவணை கட்ட வேண்டாம், விருப்பம் என்றால் சொல்லுங்கள் என்று. ஸ்டெல்லா போனில் கத்தினாள்: "பாத்தியா, கவர்மென்ட்டே சொல்ட்டாங்கோ! கட்டத் தேவல!" நீதான் எங்களுக்காகப் போனில் சம்மதம் என்று அழுத்திக் கொடுத்தாய். தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. அந்தச் செய்தியின் அடியில் அதுவும் எழுதித்தான் இருந்ததாம். நாங்கள் படித்த கண்ணுக்கு முதல் வரிதான் தெரிந்தது. கழுத்துவரை தண்ணீரில் நிற்கிறவனிடம் கயிறு என்று சொன்னால் அது எதில் கட்டியிருக்கிறது என்று பார்ப்பானா? நீ பின்னாடி அதற்காக உன்னையே திட்டிக்கொண்டாய். வேண்டாம். நீ அழுத்தாவிட்டாலும் கட்டுவதற்கு எங்களிடம் ஒன்றும் இருந்திருக்காது.

சிறுதொழில் செய்கிறவர்களுக்கு என்று ஆன்லைனில் ஒரு கூட்டம் நடந்ததே, நினைவிருக்கிறதா? சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தாய். ஸ்டெல்லா அவள் வீட்டிலிருந்து சேர்ந்திருந்தாள். ஒரு மேடம் ஒரு மணி நேரம் அழகாகப் பேசினார். எங்கே பதிவு செய்ய வேண்டும், அவசரக் கடன் யாருக்குக் கிடைக்கும், சரக்கு வாங்கிய பெரிய கம்பெனி நாற்பத்தைந்து நாளுக்குள் பணம் தராவிட்டால் எங்கே புகார் கொடுக்கலாம், ஷெட் வாடகை பாக்கியானால் ஒப்பந்தத்தில் எந்தப் பத்தியைப் பார்க்க வேண்டும். நான் பாதி எழுதிக்கொண்டேன், பாதி தப்பவிட்டேன். நடுவில் ஸ்டெல்லாவின் குரல் கூட்டம் முழுக்கக் கேட்டது. "மேடம், பத்துப் பொம்பளைங்களுக்கு நாளைக்கிச் சம்பளம் குடுக்கணும். அதுக்கு இன்னா பண்றது மேடம்?" அந்த மேடம் பொறுமையாகத்தான் சொன்னார், "உங்க கேள்விய சாட்ல டைப் பண்ணுங்கம்மா, கடைசியில எடுத்துக்கறோம்." ஸ்டெல்லாவுக்கு டைப் பண்ணத் தெரியாது. நீ எங்கள் போனிலிருந்து அவளுக்காக அடித்தாய். கடைசி வருவதற்குள் லைன் போய்விட்டது.

வாடகைக்கு ஒப்பந்தத்தைப் பார்த்தோம். நோய் வந்தால் வாடகை குறையும் என்று எந்தப் பத்தியிலும் இல்லை. ஷெட்காரரும் வாடகையை நம்பித்தான் கடன் கட்டுகிறார், அவரை என்ன சொல்வது? பாக்கி வைத்திருந்த கும்மிடிப்பூண்டி ஆலைக்கு ஸ்டெல்லா போன் செய்து, நாற்பத்தைந்து நாள் சட்டத்தைச் சொன்னாள். சாமான் வாங்குகிற மேனேஜர் கோபப்படவே இல்லை. "தாராளமா புகார் குடுங்கம்மா, உங்க உரிமை. அடுத்த ஆர்டர் மட்டும் என்னக் கேக்காதீங்க" என்றார். இருந்ததே அந்த ஆலையும் இன்னொன்றும்தான். புகார் கொடுக்கவில்லை. சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. ஆர்டர் அவர் பக்கம் இருந்தது. நைனா, நாளைக்கு உனக்கும் இப்படி ஒரு மேனேஜர் வருவார். புகார் கொடு என்று இங்கே எழுத எனக்குக் கை வருகிறது. ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் மறுபடி நின்றாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

சம்பளத்துக்கு ஸ்டெல்லா ஒரு வழி கண்டுபிடித்தாள். தனியார் பைனான்ஸ் ஒன்றில் ஆதாரைக் கொடுத்தால் இரண்டு நாளில் பணம். வட்டி அதிகம். நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். "உன் ஊடு ஏற்கெனவே பேங்க்ல அடமானம் கீது. இது என் பேர்ல இர்க்கட்டும்" என்றாள். அவள் புருஷன் டேவிட் அண்ணனையும் கையெழுத்துக்குக் கூட்டிப் போகவில்லை. "அந்த ஆளுக்கு இதெல்லாம் புரியாது, சும்மா பயந்துக்குவாரு" என்று சொல்லிவிட்டாள். அவர் அப்போது லாரி ஷெட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். மணவாளநகரில் அவருடைய அம்மா வழியில் வந்த வீடு, அவர் பேரில்தான் இருந்தது. அந்தப் பணத்தில் ஊரடங்கு மாதங்களில் பெண்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தோம். ஸ்டெல்லாவே முகக்கவசம் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுத்தாள். அவசரக் கடனும் பேங்க்கில் கிடைத்தது. முகக்கவசம் தைத்தோம், ஆலைகள் திறந்தன, ஆர்டர் வந்தது. ஒரு தீபாவளிக்கு எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தோம். தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தோம்.

இரண்டாவது அலையில் ஒரு திங்கட்கிழமை ஸ்டெல்லா டீயைக் குடித்துவிட்டு, "சக்கர போட்டியா? ஒண்ணும் தெர்ல" என்றாள். அடுத்த நாள் அவள் வரவில்லை. எனக்கும் காய்ச்சல் வந்தது. நீ கதவுக்கு வெளியே ரசம் சாதம் வைத்துவிட்டுத் தள்ளி நின்று நான் எடுக்கிறேனா என்று பார்த்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் எனக்குக் கடைசியாகப் பேசியது வேலையைப் பற்றித்தான். "வெள்ளிக்கிழம லோடு போகணும், மறந்துடாத. அந்தக் கட்டைவிரல் தையல ஒரு தபா பாத்துடு" என்றாள், மூச்சு வாங்கியது. டேவிட் அண்ணன் போன் செய்தபோது நான் எழுந்து நிற்கக்கூட முடியாமல் கிடந்தேன். கல்லறைக்கு அவரும் கவச உடை போட்ட நான்கு பேரும்தான் போனார்கள். அவர்கள் மகள் ஜெனிஃபருக்கு அப்போது பதினாறு வயது. அம்மாவின் முகத்தை அவளுக்குக் காட்டவில்லை.

எனக்கு உடம்பு தேறியதும் பேங்க்குக்குப் போனேன். லோடு போய்ப் பணமும் வந்திருந்தது. சம்பளம் எடுக்க வேண்டும். மேனேஜர் ஸ்டெல்லாவுக்காக வருத்தப்பட்டார். பிறகு, கணக்கை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார். "ரெண்டு பேர் ஃபர்ம்மா. ஒருத்தர் தவறிட்டாங்கன்னா ஃபர்ம் அதோட கலைஞ்சிடுச்சு." எனக்குப் புரியவில்லை. "நான் உசுரோட கீறனே சார்" என்றேன். "நீங்க இருக்கீங்கம்மா. கம்பெனிதான் இல்ல" என்றார். கூட்டாளியின் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், வாரிசுகள் சம்மதம் வேண்டும், கணக்கு முடித்து எழுதிக் கொடுக்க வேண்டும். தாலுகா ஆபீஸ் அப்போது பாதி நாள் மூடியிருந்தது. ஆர்டர் கொடுக்கிற ஆலையோ புதுக் கணக்கு, புதுப் பதிவு எண் இல்லாமல் சரக்கு வாங்க முடியாது என்றது. கடன் மட்டும் கலையவில்லை, அது முழுசாக என் பேரில் நின்றது. நான் ஷெட்டுக்குத் திரும்பினபோது பெண்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. ஒருத்தி மட்டும், "எப்பக்கா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்று சொன்னேன். அவர்கள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு போனார்கள். சிலர் அடுத்த வாரமே வேறு கம்பெனிக்கு வேனில் போகத் தொடங்கினார்கள்.

திருவள்ளூர் கோர்ட்டில் இலவசமாகச் சட்ட யோசனை சொல்கிறார்கள் என்று நீதான் விசாரித்து வந்தாய். அங்கே இருந்த வக்கீலம்மாவுக்கு உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். எல்லாக் காகிதத்தையும் நிதானமாகப் படித்தார். பேங்க் கடன் முழுக்க என்னைத்தான் சேரும் என்றார். டேவிட் அண்ணன் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, வீடு அவருடையது, அதனால் அவரை யாரும் எதுவும் கேட்க முடியாது என்றார். ஸ்டெல்லா தனியாக வாங்கிய பைனான்ஸ் கடனும் அப்படித்தான், அவள் விட்டுப்போன சொத்து இருந்தால் அதோடு சரி, புருஷனும் பெண்ணும் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. அவள் விட்டுப்போனது ஒரு தையல் மிஷினும் இரண்டு கம்மலும். நான் கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "கணக்கு எழுத்துல முடியறவரைக்கும் அவங்க வீட்ல போய் பணம், கடன், பங்கு எதையும் வாய்விட்டுப் பேசாதீங்கம்மா. நீங்க நல்லதுக்குச் சொன்னதே பின்னாடி உங்களுக்கு எதிரா வரலாம்." வக்கீல் சொல்கிற வார்த்தைதான். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆடிட்டரிடமும் போனோம். அவர் தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னார். "சட்டப்படி அவர்கிட்ட வராதும்மா. ஆனா ஒரு வக்கீல் நோட்டீஸ் போச்சுன்னா, பயந்துபோய்ப் பாதியாவது குடுப்பாங்க. நெறைய பேர் அப்படித்தான் பண்றாங்க." நீ அதைப் பிடித்துக்கொண்டாய். பஸ்ஸில் வரும்போதே ஆரம்பித்தாய். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாய்: "அவங்களுக்கு ஊடு கீது. நம்ம ஊடு போவுது. பாதி அவங்க தானம்மா குடுக்கணும்? ரெண்டு பேரு கம்பெனிதான அது?" நான் முடியாது என்றேன். செத்தவளின் புருஷனைப் பயம் காட்டிப் பணம் வாங்குகிற காகிதத்தில் என் கையெழுத்து இருக்காது என்றேன். "அப்ப அவங்கள நல்லா காப்பாத்து. என்ன வாடக ஊட்ல போடு" என்றாய். படிப்பை முடித்ததும் சென்னையில் வேலை என்று கிளம்பினாய். வீட்டுச் சுவரில் பேங்க் நோட்டீஸ் ஒட்டினபோது நீ ஊரில் இல்லை. ஏலத்துக்குப் போவதற்குள் நானே விற்று, பேங்க்கில் பேசி முடித்து, ஆர்.கே.பேட்டையில் உன் சித்தி வீட்டுக்கு வந்தேன். இங்கே ஒரு துணிக்கடையில் ஓரம் அடித்துக் கொடுக்கிறேன். இத்தனை வருஷமும் எனக்கு ஒரே ஒரு பிடிப்பு இருந்தது. வீடு போனது, மகன் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் டேவிட் அண்ணனும் ஜெனிஃபரும் அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், அதை நான் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன். படுத்தால் தூக்கம் வருவதற்கு அது போதுமானதாக இருந்தது.

அவர்களை நான் போய்ப் பார்க்கவில்லை. முதலில் வக்கீலம்மா சொன்னதற்காக. அங்கே போனால் ஸ்டெல்லாவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது, ஸ்டெல்லாவைப் பற்றிப் பேசினால் கடனைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. வாரிசுச் சான்றிதழுக்குக்கூடக் காகிதங்கள் ஆடிட்டர் ஆபீஸ் வழியாகத்தான் போய் வந்தன. பிறகு நாள் ஆக ஆக, இவ்வளவு நாள் போகாதவள் இப்போது எந்த முகத்தோடு போவது என்று ஆனது. பேங்க்கிலிருந்து கடன் முடிந்தது என்று கடிதம் கைக்கு வந்த அன்றுதான், இனிமேல் பேசலாம், யாருக்கும் எதிராக ஒன்றும் வராது என்று நேரே மணவாளநகர் போனேன். அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். மாடி எழுப்பியிருந்தார்கள். "டேவிட்டா? வித்துட்டுப் போய் ரொம்ப நாளாச்சே" என்றாள் அந்த வீட்டுப் பெண். கும்மிடிப்பூண்டியில் ஏதோ கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிறார் என்று எதிர்க் கடைக்காரர் போன் நம்பர் கொடுத்தார்.

பெரியபாளையத்தில் பஸ் மாறிப் போனேன். சிப்காட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட அறைகளில் ஒன்று. டேவிட் அண்ணன் யூனிஃபார்ம் சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார், ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து பனியன் காய்ந்துகொண்டிருந்த நாற்காலியைக் காலி செய்து போட்டார். "எளச்சிட்டியேம்மா" என்றார். ஜெனிஃபர் பக்கத்துக் கம்பெனியில் உற்பத்தி லைனில் நின்று வேலை பார்க்கிறாள். நர்ஸிங் படிக்க வேண்டும் என்று ஸ்டெல்லா சொல்லிக்கொண்டிருந்த பெண். நான் வீட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன் அவரே சொன்னார். ஸ்டெல்லா போய் மூன்றாம் மாதம், நாம் வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு வந்த கொஞ்ச நாளில், பைனான்ஸ்காரன் வந்தானாம். "பொண்டாட்டி வாங்கினா புருஷன்தான் கட்டணும், இல்லன்னா கோர்ட்டு, போலீஸு, பொண்ணு பேரும் சேந்து வரும்னு சொன்னாம்மா. பொண்ணு பேரச் சொன்னதும் எனக்கு வேற ஒண்ணும் தோணல. ஒரு பேப்பர்ல கையெழுத்து கேட்டான், போட்டேன். அப்பறம் வட்டி மேல வட்டி. ஊட்ட வித்து அடச்சிட்டேன். அவ பேர்ல கடன் இருக்கக்கூடாதுல்ல, கர்த்தர்கிட்ட போனவ."

ஜெனிஃபர் ஸ்டவ்வின் பக்கத்தில் நின்று எங்களுக்கு முதுகைக் காட்டி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள். "ஆன்ட்டி, எங்க கம்பெனில ஒரு சார் சொன்னாரு. அத நாங்க கட்டவேண்டியதே இல்லியாம். அப்பா கையெழுத்து போடாம இருந்திருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம். நெசமாவா?"

நிஜம்தான் என்றேன்.

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

அந்த அறையில் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள். "தெரியும்மா. திருவள்ளூர்ல வக்கீல் சொன்னாங்க" என்றேன். அவள் டம்ளரை என் கையில் கொடுத்தாள். கோபமாகக் கொடுக்கவில்லை, சிந்தாமல், விளிம்பைப் பிடித்துக் கொடுத்தாள். "சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி" என்றாள். டேவிட் அண்ணன், "அத வுடு பாப்பா. அவங்களே ஊட்ட உட்டுட்டு நிக்கறாங்கோ" என்றார். நம் வீடு போனது அவருக்குத் தெரிந்திருந்தது. பணம் கேட்டு அவருக்கு நான் நோட்டீஸ் அனுப்பாமல் விட்டதும் ஆடிட்டர் ஆபீஸ் பையன் மூலம் தெரிந்திருந்தது. "நீ நோட்டீஸ் அனுப்பியிருந்தீன்னா கூட பரவால்லம்மா. அத எடுத்துக்கினு நான் ஒரு வக்கீல்கிட்டயாவது போயிருப்பேன். எனக்கு யார்கிட்ட போறதுன்னே தெர்லயே" என்றார். குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. பஸ் எப்போது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். காக்களூரிலிருந்து மணவாளநகர் எவ்வளவு தூரம்? ஒரு ஷேர் ஆட்டோ. வக்கீலம்மாவிடமிருந்து வெளியே வந்த அன்று, நானும் நீயும் அந்தத் தெரு முனை வழியாகத்தான் வீட்டுக்குப் போனோம். இறங்கி, "அண்ணா, யாரு வந்து இன்னா கேட்டாலும் கையெழுத்து போடாத" என்று சொல்லியிருந்தால் போதும். ஒரே ஒரு வாக்கியம். நம் வீடு அப்போதும் போயிருக்கும், அது வேறு. அவர்கள் வீடு நின்றிருக்கும். நான் எதற்காக உன்னோடு சண்டை போட்டேனோ, எதற்காக நீ இத்தனை வருஷம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாயோ, அந்த வீடு அந்த வருஷங்களிலேயே கைமாறிப் போயிருந்தது. நீ கேட்ட பாதியைக் கொடுக்க அந்த வீடும் இல்லை, நான் காப்பாற்றினதாக நினைத்த வீடும் இல்லை. நாம் இருவரும் இல்லாத ஒரு வீட்டுக்காகச் சண்டை போட்டிருக்கிறோம்.

இதிலிருந்து உனக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லக்கூடியவை இருக்கின்றன. மூன்றாவது கூட்டாளியைச் சேர்த்துக்கொள். தவணையைத் தள்ளிவைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வட்டி எங்கே போகிறது என்று கேள். ஒரே ஆலையை நம்பாதே. குடியிருக்கிற வீட்டை அடமானம் வைக்காதே என்று சொல்ல உனக்கு வீடே இல்லை, அந்த வகையில் நீ தப்பித்தாய். இதையெல்லாம் செய். செய்தாலும் அடுத்த முறை வேறு ஏதாவது வழியில் வரும். அது நோயாகக்கூட இருக்க வேண்டாம், ஒரு மழை போதும், ஒரு ஆலை மூடினால் போதும். அப்போதும் அதிகாரிகள் கூட்டம் போடுவார்கள், நல்ல யோசனைதான் சொல்வார்கள். சம்பளத்துக்கு என்ன செய்வது என்று யாரோ ஒருத்தி கேட்பாள். உன் காலத்தில் அதற்குப் பதில் இருக்கும் என்று என்னால் நினைக்க முடியவில்லை. உன்னைத் தடுக்கவும் எனக்குத் தெம்பில்லை. வேறு என்ன வேலைக்குப் போ என்று உனக்குச் சொல்வது? எந்த வேலை நிற்கிறது?

ஜெனிஃபருக்கு அதற்குப் பிறகு இரண்டு முறை போன் செய்தேன். எடுத்தாள், நல்லா இருக்கிறோம் என்றாள், லைனுக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள். மூன்றாவது முறை நான் செய்யவில்லை.

புதன்கிழமை வருகிறேன். விளக்கு ஏற்றச் சொல்லாதே, அதைக் கார்த்தியின் அம்மா ஏற்றட்டும். ஓரமாக ஒரு நாற்காலி போடு, போதும். கார்த்திக்குப் போன வருஷம் கல்யாணம் ஆனது என்று சொன்னாயே, அந்தப் பெண் அன்றைக்கு வருவாளா? வந்தால், நீங்கள் எல்லோரும் மிஷினைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவளை என் பக்கத்தில் வந்து உட்காரச் சொல். அவளிடம் சொல்ல எனக்கு ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. வராவிட்டால் அவள் போன் நம்பரை எனக்கு வாங்கிக் கொடு. கார்த்தியிடம் கேட்காதே, அவளிடமே கேட்டு வாங்கு.

அம்மா